ஆயில் ஃபில்டர் கழலவில்லையா? எந்த அறிகுறிக்கு எந்த ரெஞ்ச்

ஆயிலை இறக்குகிற டிரெயின் போல்ட்டில் ஸ்பானர் வைப்பதற்கு முன்னால் ஃபில்டர் அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆயிலை முழுக்க இறக்கிய பிறகு ஃபில்டர் வர மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான், எஞ்சினில் ஆயில் இல்லாமல் மெக்கானிக் கடை வரை ஓட்டிப் போகவும் முடியாது. ஆயில் உள்ளே இருக்கும்போதே முயன்று பார்த்தால் நிலைமை வேறு: கால் சுற்று அசைந்தாலே போதும், திரும்பக் கையால் இறுக்கிவிட்டு நிம்மதியாக டிரெயினுக்குப் போகலாம், நாலைந்து சொட்டு கசியும், அவ்வளவுதான். அசையவே இல்லை என்றால், ஃபில்டர் டப்பாவை நசுக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்ற பட்சத்தில், வண்டியை இறக்கி ஓட்டிக்கொண்டு போய்ச் சரியான ரெஞ்ச் வாங்கிக்கொண்டு வரலாம்.

எனக்கு இது புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்கு முந்தைய சர்வீஸை வெளியே ஒரு கடையில் விட்டிருந்தேன், அங்கே புது ஃபில்டரை ரெஞ்ச் போட்டே இறுக்கியிருக்கிறார்கள். ஆயில் தட்டில், ஃபில்டர் எஞ்சினில், பக்கத்தில் எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. கழற்றுகிற சிரமத்தில் பெரும்பங்கு மாட்டுகிற நாளிலேயே உருவாகிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபில்டர் எஞ்சினைத் தொடும் இடத்தில் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையத்தில், அதாவது கேஸ்கெட்டில், ஆயில் தடவாமல் மாட்டியிருப்பார்கள், அல்லது தேவைக்கு மேல் இறுக்கியிருப்பார்கள், அப்புறம் அது மாதக்கணக்கில் சூடாகி ஆறி சூடாகி ஆறி எஞ்சின் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். தகர டப்பா மாதிரி முழுசாகத் திருகிக் கழற்றுகிறது ஒரு வகை. பிளாஸ்டிக் மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே காகித ஃபில்டர் மட்டும் இருப்பது இன்னொரு வகை. கீழே வருவதில் பெரும்பாலானவை தகர டப்பாவுக்கு. பிளாஸ்டிக் மூடிக்குத் தனியாகச் சொல்கிறேன், இரண்டுக்கும் ஒரே ரெஞ்சைப் பயன்படுத்தினால் பிளாஸ்டிக் தாங்காது.

இன்னொன்றும் முதலிலேயே: வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தரை சமமாக இருக்க வேண்டும், ஸ்டாண்ட் போட வேண்டும், பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். இறுகிய ஃபில்டரோடு மல்லுக்கட்டும்போது வண்டி முழுக்க ஆடும்.

கையால் திருகினால் அசையவே இல்லை

முதல் சந்தேகம் திசை. ஃபில்டரின் அடிப்பாகத்தை நேருக்கு நேர் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். வண்டிக்கு அடியில் படுத்து, கீழே தொங்குகிற ஃபில்டரை அண்ணாந்து பார்க்கும்போது இது சரியாக வரும். ஆனால் போனட்டைத் திறந்து மேலிருந்து எட்டிப் பார்த்துக் கையை விடுகிறீர்கள் என்றால் எல்லாம் தலைகீழ், மேலிருந்து பார்க்கக் கடிகார முள் திசைதான் கழலும் திசை. அரை மணி நேரம் தம் கட்டி இறுக்கிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மார்க்கர் பேனாவால் ஃபில்டரின் அடியில் அம்புக்குறி போட்டுவிடுங்கள், குழப்பமே வராது.

அடுத்தது பிடிமானம். டப்பாவில் ஆயிலும் தூசியும் படிந்திருக்கும், பெட்ரோலோ பிரேக் கிளீனரோ நனைத்த துணியால் நன்றாகத் துடையுங்கள். பெட்ரோல் என்றால் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும், பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது. உப்புத்தாளை ஒரு பட்டையாகக் கிழித்து, சொரசொர பக்கம் டப்பாவைப் பார்க்கும்படி சுற்றி, அதன்மேல் ரப்பர் கையுறை போட்ட கையால் பிடித்துத் திருகுங்கள். சாதாரணமாக இறுகிய ஃபில்டர் பல நேரம் இதிலேயே வந்துவிடும், ரெஞ்சே தேவைப்படாது.

எஞ்சினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கினால் ரப்பர் கொஞ்சம் இளகும், ஆயிலும் சீக்கிரம் வடியும். ஓட்டிவந்த சூட்டோடு கை வைக்க வேண்டாம், நிறைய எஞ்சின்களில் சைலன்சர் பைப் ஃபில்டருக்கு ஒரு சாண் தூரத்தில்தான் போகும்.

துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இங்கே பிரச்சினை துருப்பிடித்த மரை இல்லை, உலோக முகத்தோடு ஒட்டிக்கொண்ட ரப்பர். மரை உள்ளே ஆயிலில் நனைந்தபடிதான் இருக்கிறது. ஸ்பிரே அடித்தால் டப்பாதான் வழுக்கும்.

கப் ரெஞ்ச் சுற்றுகிறது, ஃபில்டர் சுற்றவில்லை

கப் ரெஞ்ச் என்பது ஃபில்டரின் அடியில் தொப்பி மாதிரி உட்காரும், பின்னால் ராட்செட் (ஒரு பக்கமாக மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடி) மாட்டச் சதுரத் துளை இருக்கும். வீட்டு வேலைக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான். ஆனால் அளவு துல்லியமாக இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் விளிம்பில் வழுக்கி, டப்பாவின் அடியைச் சுற்றி இருக்கும் பட்டைகளை (தட்டையான முகங்களை) தேய்த்துவிடும், ஒருமுறை தேய்ந்த பட்டையில் அப்புறம் சரியான கப்பும் பிடிக்காது.

அளவில் இரண்டு எண் இருக்கிறது: விட்டம், பட்டைகளின் எண்ணிக்கை. டொயோட்டா, ஹோண்டாவின் சிறிய பெட்ரோல் எஞ்சின்களுக்கு வரும் நிறைய ஃபில்டர்களுக்கு 64 அல்லது 65 மி.மீ., 14 பட்டை கப் பொருந்தும். ஆனால் வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அதே எஞ்சினுக்கு பாஷ் ஒரு அளவில் செய்யும், ப்யூரோலேட்டர் இன்னொரு அளவில் செய்யும், கம்பெனி ஃபில்டர் மூன்றாவது அளவில் இருக்கும். மரையும் கேஸ்கெட்டும் பொருந்தினால் ஃபில்டர் வேலை செய்துவிடும், டப்பாவின் வெளி வடிவத்தை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். புது ஃபில்டரைக் கடைக்கு எடுத்துப்போய், அதற்குப் பொருந்துகிற கப்பை வாங்கி வந்து வண்டிக்கு அடியில் படுத்தால், வண்டியில் இருப்பது வேறு கம்பெனி டப்பா. கழற்ற வேண்டியது பழையதை. அதனால் பழையதை அளந்துகொண்டு போங்கள். வெர்னியர் இல்லையென்றால் ஒரு நூல் போதும்: அடிப்பகுதியில், பட்டைகள் இருக்கும் இடத்தில் ஒரு சுற்று சுற்றி, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுங்கள். நூல் 204 மி.மீ. வந்தால் விட்டம் ஏறக்குறைய 65. பட்டைகளை விரலால் தடவி எண்ணுங்கள், கண்ணால் எண்ணினால் அந்த இருட்டில் தப்பும். அப்புறம் அடுத்த முறையிலிருந்து ஒரே கம்பெனி ஃபில்டரையே மாட்டிக்கொண்டு வந்தால் ஒரு கப் பல வருடம் போதும்.

கையில் இருக்கும் கப் மயிரிழை லூசாக இருக்கிறது, கடை பூட்டியிருக்கிறது என்றால், உப்புத்தாள் துண்டை உள்ளே வைத்து, கப்பை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டி உட்கார வைத்துப் பாருங்கள். ஒரு முயற்சி செய்யலாம். இரண்டாவது தடவை வழுக்கினால் நிறுத்திவிடுங்கள்.

பெல்ட் ரெஞ்ச் வழுக்குகிறது

நைலான் பட்டை வைத்தது, இரும்புப் பட்டையும் கைப்பிடியும் வைத்தது, இரண்டுக்கும் ஒரே தத்துவம்: இழுக்க இழுக்கப் பட்டை இறுகும். அதனால் சுற்றும் திசை முக்கியம். நீங்கள் கழற்றும் பக்கமாக இழுக்கும்போது பட்டை இறுகினால் சரி, தளர்ந்தால் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். வழுக்குகிறது என்று வருகிற புகாரில் எத்தனையோ இதுதான்.

திசை சரியாக இருந்தும் வழுக்கினால் மறுபடியும் துடைத்து, உப்புத்தாள். நைலான் பட்டை ஒருமுறை ஆயில் குடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்காமல் பிடிக்காது, இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

பட்டையை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். எஞ்சினை ஒட்டிய பக்கம், அதாவது அடித்தட்டும் டப்பாவும் மடித்துச் சேர்த்திருக்கும் ஓரம்தான் கெட்டியான இடம். நடுவில் வெறும் மெல்லிய தகரம். அங்கே இழுத்தால் டப்பா உள்வாங்கும், நீங்கள் போடும் பலம் மரைக்குப் போகாமல் தகரத்தை வளைப்பதிலேயே தீர்ந்துவிடும்.

ரெஞ்ச் நுழையவோ திருப்பவோ இடமில்லை

சின்ன கார்களில் இது சகஜம். ஒருபக்கம் எஞ்சின், இன்னொரு பக்கம் ஆக்சிலோ சைலன்சரோ, நடுவில் ஒரு கை மட்டும் போகிற சந்து. கைப்பிடி வைத்த இரும்புப் பட்டை ரெஞ்சுக்கு அங்கே வேலையில்லை, கைப்பிடி சுற்றிவர வட்டம் வேண்டுமே. ஃபில்டருக்கு அடியில் நேராக இடம் இருந்தால் கப் ரெஞ்ச், ஒரு எக்ஸ்டென்ஷன், ராட்செட். கப்பை எட்டாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு ராட்செட்டை வசதியான தூரத்தில் வைத்துத் திருப்பலாம் என்பது இதன் பெரிய பலன்.

அளவு கப் இல்லையென்றால் அதே இடத்தில் மூன்று கால் ரெஞ்ச். பின்னால் ராட்செட் மாட்டித் திருப்பினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் மூன்று கால்களையும் சேர்த்துச் சுருக்கும், டப்பாவைக் கவ்வியபடி சுற்றும். ஒரே ரெஞ்சில் பல அளவுகளைச் சமாளிக்கும் என்பதால், வீட்டில் இரண்டு மூன்று வண்டி இருப்பவர்களுக்கு நல்ல முதலீடு. கால்கள் டப்பாவைக் கடித்துப் பள்ளம் போடும், எறியப்போகும் ஃபில்டர்தானே, பரவாயில்லை. இறுக்க மட்டும் இதைத் தொடவே கூடாது.

முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அல்லது ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுக்க ஒடித்துவிட்டு சக்கரக் குழி வழியாகவும் பாருங்கள். சில எஞ்சின்களில் அடியில் படுப்பதைவிட அங்கிருந்து கை நேராகப் போகும்.

டப்பா நசுங்குகிறது, ஆனால் கழலவில்லை

நிறுத்துங்கள். நசுங்கிய டப்பாவில் கப் ரெஞ்ச் இனி உட்காராது, பட்டையும் சரியாகப் பிடிக்காது. இந்த நிலையில் செயின் ரெஞ்ச் உதவும். சைக்கிள் செயின் மாதிரியே இருக்கும், தகரத்தில் பதிந்து கடிக்கும், வழுக்கவே வழுக்காது. ஆனால் முன்னே சொன்ன அதே அடித்தட்டு ஓரத்தில்தான் மாட்ட வேண்டும். நடுவில் மாட்டினால் டப்பா பிதுங்கிவிடும். அகலமாக விரியும் ஃபில்டர் பிளேயரும் இங்கே நன்றாக வேலை செய்யும், பக்கவாட்டில் கை நீள இடம் இருந்தால். வெடுக்கென்று இழுக்காமல் பலத்தைச் சீராக ஏற்றுங்கள், ஒட்டிய ரப்பர் டக்கென்று ஒரு சத்தத்தோடு விடும், அதற்குப் பிறகு கையாலேயே சுற்றிவிடலாம்.

ஸ்க்ரூடிரைவரைக் குத்தி நெம்பும் முறை பழைய ஆட்கள் எல்லாரும் சொல்வது. இதைக் கடைசிக்கும் கடைசியாக வைத்திருங்கள். டப்பா கிழிந்தால் பிடிக்கவே எதுவும் மிஞ்சாது, கிழிந்த தகரம் கையைப் பிளந்துவிடும், குத்திய பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யவும் முடியாது. செய்தே ஆக வேண்டுமென்றால் ஆயிலை இறக்கிவிட்டு, தோல் கையுறை போட்டு, அடித்தட்டுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக, நடுவில் இருக்கும் மரைக்குழாயில் படாதபடி ஓரமாகக் குத்துங்கள்.

டப்பா கிழிந்து அடித்தட்டு மட்டும் எஞ்சினில் நிற்கிறது

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் எஞ்சினுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. மிச்சத் தகரத்தைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்துவிட்டு, மழுங்கிய உளியை அடித்தட்டின் ஓரத்தில் சாய்வாக வைத்து, கழலும் திசையில் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள். ஒரே இடத்தில் தட்டாமல் இடம் மாற்றி மாற்றித் தட்டினால் மெதுவாக நகரும். தட்டில் ஆயில் போகும் துளைகள் வட்டமாக இருக்கும், அவற்றில் இரண்டில் முனை நீண்ட பிளேயரை நுழைத்துத் திருகியும் சிலர் எடுக்கிறார்கள். உளி எந்தக் காரணத்துக்காகவும் எஞ்சின் பக்கத்து முகத்தில் படக்கூடாது. அங்கே விழும் ஒரு கீறல், இனி நீங்கள் மாட்டும் எல்லா ஃபில்டரையும் ஒழுக வைக்கும். உளி வைக்க இடமே இல்லாத மூலை என்றால் இங்கே மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுவதுதான் சரி.

ஃபில்டரோடு மரைக்குழாயும் சேர்ந்து வந்துவிட்டது

எஞ்சினில் நிற்க வேண்டிய மரை போட்ட குழாய் பழைய ஃபில்டருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வந்திருக்கும். பைப் ரெஞ்சால் கடித்து எடுக்காதீர்கள், மரை போய்விடும். அதே மரையுள்ள இரண்டு நட் கிடைத்தால் ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, அவற்றைப் பிடித்துத் திருப்பி எடுக்கலாம். மரையில் தேய்மானம் தெரிந்தால் புதுசு வாங்கிவிடுங்கள், சின்ன பாகம்தான். திரும்ப மாட்டும்போது எஞ்சின் பக்க மரையை ஆயில் இல்லாமல் சுத்தம் செய்து, வண்டியின் மேனுவல் சொல்லும் இறுக்கத்துக்கு மாட்டுங்கள்.

பிளாஸ்டிக் மூடி திறக்கவில்லை, அல்லது ஓரம் உடைகிறது

இங்கே செயின், மூன்று கால், பிளேயர் எதுவுமே வேண்டாம். மூடியின் நடுவில் அறுகோணத் தலை இருந்தால் அந்த அளவு சாக்கெட் மட்டும்: ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் நிறைய டீசல் எஞ்சின்களில் 32 மி.மீ., சில பி.எம்.டபிள்யூ எஞ்சின்களில் 36. ஆறு முனை சாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் பிளாஸ்டிக் மூலைகளை மழுக்கும். அறுகோணம் இல்லாமல் சுற்றிலும் பட்டை மட்டும் இருக்கும் மூடிக்கு அலுமினிய வார்ப்புக் கப், மெல்லிய தகரக் கப் இங்கே விரிந்து கொடுத்துவிடும். டொயோட்டாவின் இந்த வகை மூடிகளுக்கு 64 அல்லது 65 மி.மீ., 14 பட்டை கப்.

திறந்ததும் மூடியில் இருக்கும் பழைய ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) தூக்கிப் போட்டுவிட்டு, ஃபில்டரோடு வரும் புதியதை அதே பள்ளத்தில் மாட்டுங்கள். பக்கத்துப் பள்ளத்தில் மாட்டினால் ஒழுகும். மூடியிலேயே இறுக்க அளவு எழுதியிருக்கும், பலவற்றில் 25 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் இங்கே கட்டாயம் பயன்படுத்துங்கள். அடுத்த முறை மூடி உடைவதற்கு முக்கியக் காரணம் இந்த முறை அளவுக்கு மேல் இறுக்குவதுதான்.

புதுசு மாட்டியாயிற்று, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் கொட்டுகிறது

உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பெரும்பாலும் பழைய கேஸ்கெட் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும், அதன்மேல் புது கேஸ்கெட் உட்கார்ந்திருக்கும். இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது, ஆயில் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கி வெளியே வரும், சில நிமிடத்தில் ஆயில் காலியாகிவிடும். இதைத் தவிர்க்க, கழற்றியவுடனே பழைய ஃபில்டரைத் திருப்பி அதில் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மேலே இருக்கிறது.

இன்னொரு காரணம் மரை. டொயோட்டாவில் வழக்கமாக முக்கால் இஞ்ச், இஞ்சுக்கு 16 மரை. ஹோண்டா, ஹூண்டாயில் 20 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், 20 மி.மீ. ஃபில்டர் முக்கால் இஞ்ச் குழாயில் லூசாக ஏறி உட்கார்ந்தும்விடும், கையால் இறுக்கினால் இறுகுவது போலவும் தெரியும். ஓடும்போது பிய்த்துக்கொண்டு போகும். கடையில் கொடுத்ததை அப்படியே நம்பாமல் பாக நம்பரைச் சரிபாருங்கள்.

இரண்டும் சரி என்றால் இறுக்கத்தைப் பாருங்கள். கேஸ்கெட்டில் புது ஆயிலை விரலால் தடவி, எஞ்சின் முகத்தைத் துடைத்து, ரப்பர் தொடும் வரை கையால் ஏற்றி, அதற்கு மேல் முக்கால் சுற்று முதல் ஒரு சுற்று வரை, கையாலேயே. ஃபில்டரின் மேலேயே படத்தோடு அச்சிட்டிருப்பார்கள், அதில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்டார்ட் செய்தால் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆயில் அளவைப் பாருங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து ஃபில்டரைச் சுற்றிப் பாருங்கள், மறுநாள் காலை தரையிலும் பாருங்கள்.

சரி, எதை வாங்குவது

ஒரு வண்டி, ஒரே கம்பெனி ஃபில்டர் என்றால் அதற்கு அளவான கெட்டிக் கப் ஒன்று, கூடவே அவசரத்துக்கு ஒரு மூன்று கால் ரெஞ்ச். அவ்வளவு போதும். வெவ்வேறு அளவில் முப்பது கப் கொண்ட பெரிய பெட்டியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன், அதில் உங்களுக்கு உதவுவது ஒன்றோ இரண்டோ. சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ பழைய ஃபில்டரைக் கையில் கொடுத்து மாட்டிப் பார்த்தே வாங்கலாம். மற்ற ஊர்களில் ஆட்டோ உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள். கப்பின் உள்ளே பட்டைகள் கூர்மையாக வார்த்திருக்கிறதா, ராட்செட் மாட்டும் சதுரத் துளை ஆடாமல் பிடிக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

கழற்றிய ஃபில்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு இரவு வடியவிடுங்கள், உள்ளே நிறைய ஆயில் தேங்கியிருக்கும். பழைய ஆயில், 2016 ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அபாயகரக் கழிவு, சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பெரிய ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

புது ஃபில்டரை மாட்டுவதற்கு முன்னால் அதன் பக்கவாட்டில் மார்க்கரால் தேதி, கிலோமீட்டர், கப்பின் அளவு, பட்டை எண்ணிக்கை நான்கையும் எழுதிவிடுங்கள். எழுத்து வெளியே தெரிகிற மாதிரி பெரிதாக.